ராகி விதையில் யார் பணம்?

தமிழ்நாட்டில் களி. கர்நாடகத்தில் முத்தே. பெயர்தான் வேறு. இரண்டும் ராகி மாவில் கிண்டியவை. ராகியைக் கேழ்வரகு என்றும் கேப்பை என்றும் சொல்வார்கள். இந்தியாவில் விளையும் ராகியில் பாதிக்கு மேல் கர்நாடகத்தில் விளைகிறது.

இந்த ராகியின் விதை எங்கிருந்து வந்தது? "பாட்டன் காலத்து விதை" என்று சிலர் சொல்வார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. இன்று வயலில் நிற்கும் பல ரகங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்தவை. அந்த ஆராய்ச்சிக்கு அரசு செலவு செய்தது.

அது யாருடைய பணம்? அது எந்த வழியாகப் போகிறது? தெரிந்துகொள்வோம்.

பஞ்சம் தந்த பாடம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம் வந்தது. தமிழர்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மைசூர் நாட்டிலும் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். மழை பொய்த்தாலும் விளையும் பயிர் எது? நிலத்தை எப்படிப் பேணுவது? இதையெல்லாம் ஆராய வேண்டிய தேவை புரிந்தது.

1899-ல் மைசூர் மகாராணி ஒரு பண்ணைக்கு நிலம் கொடுத்தார். அந்த இடம் பெங்களூரை அடுத்த ஹெப்பாள். அங்கே பயிர் ஆராய்ச்சி தொடங்கியது. 1964-ல் பெங்களூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பெரிய வளாகத்தை மக்கள் ஜி.கே.வி.கே. என்கிறார்கள்.

இரண்டு நாட்டு ராகி

மண்டியா அருகே உள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் லட்சுமணய்யா என்ற அறிஞர் வேலை செய்தார். ராகியின் விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ராகியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அங்குள்ள ராகிக்குக் கதிர் பெரியது. நோயையும் நன்றாகத் தாங்கும். ஆனால் முற்ற நாளாகும். நம் நாட்டு ராகி சீக்கிரம் முற்றும். இரண்டையும் சேர்த்தால் என்ன?

அது எளிதான வேலை இல்லை. ராகிப் பூ மிகச் சிறியது. விடியும் முன்பே மலர்ந்துவிடும். தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அதனால் ஒட்டுச் சேர்க்க மிகுந்த பொறுமை வேண்டும். லட்சுமணய்யா பல ஆண்டுகள் உழைத்தார். புதிய ரகங்கள் கிடைத்தன. அவற்றின் பெயர் இந்தாஃப். 'இந்தியா', 'ஆப்பிரிக்கா' என்ற இரு பெயர்களும் அதில் அடங்கியுள்ளன. இந்த ரகங்களால் விளைச்சல் நன்றாகக் கூடியது.

பிறகு ஜி.பி.யு. 28 என்ற ரகம் வந்தது. ராகிக்குக் குலை நோய் பெரிய எதிரி. கதிரில் அது தாக்கினால் மணி பிடிக்காது, வெறும் பதர்தான் மிஞ்சும். ஜி.பி.யு. 28 இந்த நோயைத் தாங்கியது. கர்நாடகம் முழுவதும் பரவியது. இந்தாஃப் ரகங்களைச் சேர்த்துத்தான் அதை உருவாக்கினார்கள்.

அரசு ஏன் செலவு செய்ய வேண்டும்?

"கம்பெனிகள் செய்யக் கூடாதா?" என்று கேட்கலாம். கம்பெனிக்கு லாபம் வேண்டும். வீரிய ஒட்டு மக்காச்சோளம் விதைத்தால் ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். ராகி அப்படி இல்லை. ஒரு முறை நல்ல விதை வாங்கினால் போதும். விளைந்ததில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் விதைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். உழவருக்கு இது நல்லது. கம்பெனிக்கு இதில் வியாபாரம் குறைவு. அதனால்தான் இத்தகைய பயிர்களுக்கு அரசு செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

கூடிச் செய்யும் வேலை

பெங்களூர் செம்மண்ணில் விளையும் ரகம் உத்தரகண்ட் மலையில் விளையுமா? விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒரே வேலையைச் செய்தால் பணமும் காலமும் வீண். ஆகவே 'அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம்' என்ற முறை வந்தது. 1957-ல் முதலில் மக்காச்சோளத்துக்கு வந்தது. பின்னர் நெல், கோதுமைக்கு வந்தது.

ராகி, சாமை, தினை, வரகு போன்ற சிறுதானியங்களுக்கு 1986-ல் தனித் திட்டம் வந்தது. அதன் தலைமையிடமாக பெங்களூர் ஜி.கே.வி.கே. அமைந்தது. பல மாநிலங்களில் கிளை மையங்கள் சேர்ந்தன. ஒரே விதையைப் பல ஊர்களில் சில ஆண்டுகள் விதைத்துப் பார்ப்பார்கள். எங்கே நன்றாக விளைந்தது, எங்கே நோய் வந்தது என்று கூடிப் பேசுவார்கள். தேறிய ரகம்தான் உழவருக்கு வரும். ஒரு ரகம் உருவாகிக் கைக்கு வரப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். நடுவில் பணம் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

பணம் வரும் வழி

கடையில் சோப்பு வாங்குகிறோம். அதன் விலையில் வரி இருக்கிறது. அந்த வரி அரசுக்குப் போகிறது. ஆண்டுதோறும் பாராளுமன்றம் அதைப் பங்கிடுகிறது. ஒரு பங்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகிறது. இது 1929-ல் தொடங்கிய அமைப்பு. ஒருங்கிணைந்த திட்டத்தில், மாநிலப் பல்கலைக்கழக மையங்களுக்கு ஆகும் செலவில் 100-க்கு 75 ரூபாயை இந்தக் கழகம் தருகிறது. மீதி 25 ரூபாய் மாநிலத்தின் பொறுப்பு.

ஆக, ராகி விதையில் கூலிக்காரரின் காசும் இருக்கிறது.

பெங்களூரில் இன்னும் பல ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. 1909-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்துக்கு ஜாம்ஷெட்ஜி டாடா சொத்து கொடுத்தார். மைசூர் அரசு நிலம் கொடுத்தது. இன்று அது பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. 1969-ல் தொடங்கிய இஸ்ரோவின் தலைமை அலுவலகமும் பெங்களூரில்தான் உள்ளது. அதுவும் மக்கள் பணம்தான். புயல் வருவதை அறிய அதன் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன.

போதுமா இந்தப் பணம்?

2020-21 கணக்குப்படி, நாட்டின் வருமானத்தில் 100 ரூபாய்க்கு சுமார் 64 காசுதான் ஆராய்ச்சிக்குப் போனது. தென்கொரியாவில் 4 ரூபாய்க்கு மேல் போகிறது.

2023-ல் ஒரு புதிய சட்டம் வந்தது. அதன்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவானது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவது நோக்கம். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி வந்தால் ராகி போன்ற ஏழைகளின் பயிருக்கும் பங்கு கிடைக்குமா? இதை மக்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. நல்ல விதை வந்தும் ராகி விளையும் நிலம் குறைந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது. நல்ல விதை மட்டும் போதாது. விளைந்ததற்கு நல்ல விலையும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

மாவட்டந்தோறும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. அங்கே போய்ப் புதிய ரகங்களைக் கேட்கலாம். மண்ணைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஜி.கே.வி.கே.யில் ஆண்டுதோறும் நடக்கும் கிருஷி மேளாவுக்கும் போகலாம்.

பணம் எப்படிச் செலவானது என்று கேட்கவும் வழி உண்டு. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு தாளில் கேள்வியை எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரிந்த கைக்கு இது பெரிய பலம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் விதைக்கும் ராகியின் ரகம் எது? அந்த விதை எங்கிருந்து வந்தது?
2. உங்கள் பயிருக்கு வரும் நோய் எது? அதை யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?
3. ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கேள்வி எழுதலாம் என்றால், என்ன எழுதுவீர்கள்?