காலமறிந்து கடலேறுதல்

விழா மலருக்கு யாதேனும் எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றை எடுத்துக்கொள்வதே தமிழாசிரியனுக்கு இயல்பு என எண்ணியிருந்தேன். மெல்பேணில் வாழும் நமது பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. "ஐயா, என் பிள்ளைகள் இருவரும் அலைச்சறுக்கில் மிகுந்த ஈடுபாடு உடையவர்கள். ஆடி, ஆவணியில் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் தாங்க முடியாதனவாக உள்ளன. மார்கழி விடுமுறையில் அறுகங்குடாவுக்கு அழைத்து வரலாமா? அப்போது அறைகள் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே" என அவர் வினவியிருந்தார். யான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதல் நியமனம் பெற்றது பொத்துவிற் பகுதியில் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார் போலும்.

"மார்கழியில் வேண்டா" என ஒரு வரியில் விடை எழுதிவிடலாம். ஆயினும் காரணங் கூறாத விடை ஆசிரியனுக்கு அழகன்று. கடல் கடந்து வாழும் நம்மவர் பலருடைய மக்கள் இவ்விளையாட்டைப் பயின்று வருதலால், இவ்வையம் வேறு பலர்க்கும் உண்டாதல் கூடும். எனவே அவருக்கு எழுத வேண்டிய விடையைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருதலை நாம் வகுப்பறையிற் கற்றோம். அவை அரசர்க்கு உரைத்தவையாயினும், பலகையொன்றின்மேல் நின்று அலையேற விரும்பும் இளைஞனுக்கும் அம்மூன்று அறிவுமே வேண்டப்படுவன. காலத்தையும் இடத்தையும் முதலிற் கூறி வலியைப் பின்னர்க் கூறுவேன்.

பிரயாணிகளிடையே "பருவம்" என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. ஒன்று, மக்கட் கூட்டத்தின் பருவம். ஐரோப்பியப் பாடசாலைகளின் கோடை விடுமுறை, நத்தார், புத்தாண்டு ஆகியன இதனை வகுக்கின்றன. மற்றொன்று, கடலின் பருவம். இதனைக் காற்றும் தொலைதூரத்துப் புயல்களும் வகுக்கின்றன. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதனாலேயே தவறு நேருகின்றது. கூட்டம் நீங்கிய காலமெல்லாம் கடல் நல்ல காலமன்று. கடல் நல்ல காலமெல்லாம் கூட்டம் நிறைந்த காலமுமன்று. கூட்டத்தின் பருவம் முடிந்தும் கடலின் பருவம் முடியாத சில வாரங்கள் ஆண்டுதோறும் உண்டு. செலவு சுருக்கிச் செல்ல விரும்புவோர் நாடவேண்டியவை அவ்வாரங்களே.

இனிக் கடலின் பருவம் அமையுமாறு காண்போம். நமது வானிலை அவதான நிலையத்தார் ஆண்டை நான்காகப் பகுப்பர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்றுக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். இவற்றிடையே மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களும் ஒற்றோபர், நவெம்பர் மாதங்களும் இடைப்பருவங்கள். நம் மீனவர் இவற்றைச் சோளகம் என்றும் வாடை என்றும் என்றோ பெயரிட்டு அறிந்திருந்தனர். கீழ்க்கரையில் வைகாசி தொடங்கி வீசும் கச்சானை அறியாதார் அங்கில்லை.

சோளகம் வீசுங்கால் மேற்கு, தெற்குக் கரைகளில் அது கடலிலிருந்து கரை நோக்கி மோதி அலையைக் குலைக்கின்றது. மலைநாட்டைக் கடந்து அதே காற்றுக் கிழக்குக் கரையை அடையும்போது மழையை இழந்து வரண்டு, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. கரை நோக்கி வரும் அலையின் முகத்தை எதிர்நின்று தடவி, அது விரைந்து சரியாதபடி நிமிர்த்திப் பிடிப்பது இக்காற்றேயாம். வாடைக் காலத்தில் இந்நிலை தலைகீழாகின்றது. அப்பொழுது கிழக்குக் கரை குலைந்த கடலையும் பெருமழையையும் பெற, தெற்குக் கரை தெளிந்த அலையைப் பெறுகின்றது. ஒரே தீவில் ஒரு கரை மூடும்போது மறு கரை திறப்பது நமது நாட்டுக்கு இயற்கை அளித்த பேறு.

காற்று அலையைச் சீர்செய்வதே. நல்ல அலையைப் பிறப்பிப்பது பெரும்பாலும் அதுவன்று. அறுகங்குடாவில் வந்து மடியும் சிறந்த அலைகள் தென்னகலக்கோடு நாற்பது பாகைக்கும் அப்பால், தென்சமுத்திரத்துப் புயல்களிற் பிறந்தவை. அங்கு மாரிக்காலமாகிய மே முதல் செப்டெம்பர் வரை புயல்கள் வலுக்கும். அங்கெழும் நீண்ட அலைத்தொடர், பதினாறு வினாடிக்கொன்றாக வருவதாயின், மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு ஆயிரங் கிலோமீற்றருக்குச் சற்று மேலாக, ஆற்றலைச் சுமந்து வடக்கே வரும். ஆறாயிரங் கிலோமீற்றர் வரையான அத்தூரத்தைக் கடக்க அதற்கு ஐந்தாறு நாட்கள் வேண்டும். 1963ஆம் ஆண்டு வால்ற்றர் மங்க் என்னும் சமுத்திர விஞ்ஞானியார் தம் குழுவினருடன் பசிபிக் கடலின் தென்கோடியிலிருந்து வடகோடியிலுள்ள அலாஸ்கா வரை இத்தகைய அலைத்தொடர்களைப் பின்தொடர்ந்து அளந்து, அவை பல்லாயிரங் கிலோமீற்றர் சென்றும் தம் ஆற்றலைப் பெரிதும் இழப்பதில்லை எனக் காட்டினார்.

இதிலிருந்து இரு பயன்கள் பெறலாம். முதலாவது: அலையின் வரவை ஒரு வாரத்துக்கு முன்னரே கணித்துக் கூற முடியும். முன்னறிவிப்பைப் படிப்போர் அலையின் உயரத்தை மட்டும் நோக்குதல் போதாது. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் நோக்குதல் வேண்டும். இரண்டு மீற்றர் உயரமும் ஏழு வினாடி இடைவெளியும் உடைய கடல், அண்மைக் காற்றாற் கொந்தளிப்பது, ஏறுவதற்கு உதவாது. ஒன்றரை மீற்றரேயாயினும் பதினைந்து வினாடி இடைவெளி உடையது, தொலைவிலிருந்து வந்த ஒழுங்கான அலை. இரண்டாவது: அலைத்தொடர் வந்து சில நாள் நின்று தணியும், பின்னர் இடைவெளி விட்டு அடுத்தது வரும். ஆதலால் நான்கு நாட் பிரயாணம் வெறுமையாய் முடிதல் கூடும். பருவத்தின் விளிம்பிற் செல்வோர் பத்து நாட்களேனும் ஒதுக்குதல் நன்று.

இனி இடம். அறுகங்குடாவின் முனையில் அலை கரையோடு ஒட்டி வளைந்து, ஏறியவனை வலப்புறமாக நெடுந்தூரம் கொண்டு செல்லும். அடியிற் கற்பார் உண்டு. ஆதலின் அது பயின்றோர்க்கே உரியது. பொத்துவில் முனை வடக்கிலும், பாணமை வழியாகச் செல்லும் உகந்தை தெற்கிலும் உள்ளன. உகந்தை என்றவுடன் நம்மவர்க்கு அலை நினைவு வாராது. முருகன் கோயிலே நினைவு வரும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் உகந்தையில் தங்கிக் குமணைக் காட்டினுட் புகுவது, கச்சான் வீசும் அதே வரண்ட காலத்திலேயாம். பலகையோடு வெளிநாட்டார் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அக்கரையின் பருவத்தை நம் முன்னோர் காலால் நடந்து அறிந்திருந்தனர்.

அறுகங்குடாவிற் கூட்டம் மிகுவது யூலை, ஓகத்து மாதங்களில். ஆனால் அலையோ ஏப்பிரிற் பிற்பகுதியிலேயே வரத்தொடங்கி ஒற்றோபர் நடுப்பகுதி வரை நிற்கும். ஆகவே மே மாதமும், செப்டெம்பர் நடுப்பகுதி தொடங்கி ஒற்றோபர் நடுப்பகுதி வரையான ஒரு மாதமும் நாம் தேடும் இடைவெளிகள். ஒற்றோபரிற் பிற்பகல்களில் இடிமழை உண்டு; மின்னல் கண்டவுடன் நீரைவிட்டு வெளியேறுதல் வேண்டும். காலையிற் காற்றுத் தணிந்து தரையிலிருந்து மெல்ல வீசும். பத்து மணிக்குமேற் கடற்காற்றெழுந்து நீரைக் கலக்கும். ஆதலின் விடியற்பொழுதே உகந்தது.

தெற்குக் கரையிலோ இக்கடுவை, அகங்கமை, மிதிகமை, வெலிகமை ஆகிய இடங்கள் நவெம்பர் முதல் ஏப்பிரில் வரை நன்னிலையிலிருக்கும். அவற்றுட் பல முருகைக்கற்பார் உடையன. வெலிகமைக் குடா மணற்பாங்கானதாகலின் தொடக்கத்தார்க்கு ஏற்றது. அங்கே கூட்டம் நத்தாரை அடுத்து மிகும். மார்ச்சு நடுப்பகுதிக்குமேற் குறையும்.

வலியறிதலே எஞ்சியுள்ளது. இதனை என் அனுபவத்தாற் கூறுவதே பொருந்தும்.

யான் கிழக்கிற் பணியாற்றிய நாட்களில், இலண்டனிலிருந்து என் தமக்கையார் மகன் மார்கழி விடுமுறைக்கு வந்தான். மலிவான அறை ஒன்றுக்கு முற்பணம் அனுப்பியிருந்தான். சென்று பார்த்தால் அவ்விடுதி பூட்டிக் கிடந்தது, காவற்காரரும் இல்லை. வேறோரிடத்தில் தங்கினோம். இரு நாள் மழை. மூன்றாம் நாள் வெயில் எறித்தது. "மாமா, அலை சின்னதுதானே" என்று கூறிப் பலகையோடு இறங்கினான். அலை சிறியதே. வாடைக் காற்றுக் கரையிற் குவித்த நீர் ஓரிடத்திற் கால்வாய் போலத் திரும்பிக் கடலுக்குள் ஓடுவதை அவனும் அறியவில்லை; கரையில் நின்ற யானும் அறியவில்லை. கணுக்காலிற் கட்டும் கயிற்றையும் அவன் கட்டியிருக்கவில்லை. பலகை ஒருபுறமும் அவன் ஒருபுறமுமாயினர். கரையை நோக்கி அவன் நீந்த நீந்தக் கரை விலகியது. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கண்டு கூவி, அவர் மக்கள் இருவர் தோணி தள்ளிச் சென்று அவனைத் தூக்கி வந்தனர். யான் நன்றி கூற வாயெடுத்தபோது அம்முதியவர், "வாடைக்குக் கடல் ஆர் சொல்லையும் கேளாது, சேர். நீங்க படிச்ச ஆக்கள், ஒரு சொல்லுக் கேட்டிட்டு இறங்கியிருக்கலாமே" என்றார். அச்சொல் இன்றும் என் செவியில் உள்ளது. பிள்ளைகளுக்குக் காலமறிதலைக் கற்பித்தவன் யான். அன்று அறியாமல் நின்றவனும் யானே.

அன்று கற்றவற்றைச் சொல்லுகின்றேன். இழுத்துச் செல்லும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தலாகாது. பலகையை விடாது பற்றி மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்டல் வேண்டும். இயலுமாயிற் கரைக்கு ஒப்பாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை மடியும் இடத்தை அடைந்து கரையேறல் வேண்டும். கூட்டம் நீங்கிய காலத்தில் உடன் அலையேறுவோர் இலர், காப்பாளரும் அரியர். ஆதலின் தனியே இறங்கலாகாது. மழைக்காலத்திற் களப்புகள் முகம் உடைத்துக் கலங்கல் நீரைக் கடலிற் சேர்க்கும். களப்போரங்களில் எக்காலத்தும் முதலை உண்டு. 2017 செப்டெம்பரில் யானைப்பாறை என வழங்கும் இடத்தருகே வெளிநாட்டு இளைஞர் ஒருவர் களப்பில் முதலையாற் கொல்லப்பட்டதை மறத்தலாகாது. நவெம்பர் பிற்பகுதி சூறாவளிக்கும் உரிய காலம். 1978 நவெம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்ததும், 2025 நவெம்பர் இறுதியில் நாட்டையே வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்திய டித்வாவும் அக்காலத்தனவே.

ஏனைய ஆயத்தங்களைச் சுருங்கக் கூறுவேன். விடுதி திறந்திருக்குமா, உணவு கிடைக்குமா என்பதைப் பிரயாணத்துக்கு முதல் வாரத்திலும் நேரே பேசி உறுதி செய்க; அதன் பின்னரே பணம் அனுப்புக. பலகையை வாடகைக்குப் பெறுவதாயின், பருவ இறுதியிற் கடைகள் சில மூடிவிடும் என்பதை நினைக. பிரயாணக் காப்புறுதி அலைச்சறுக்கையும் உள்ளடக்குகின்றதா எனப் படித்துப் பார்க்க. கொழும்பிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். வந்திறங்கிய அன்றே செல்வது களைப்பைத் தரும். நீர் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகையாற் குளிருடை வேண்டியதில்லை. வெயிலைத் தடுக்கும் மேற்சட்டையும், கற்பாரிற் கீறிய காயத்துக்கு மருந்தும், நுளம்புக்குக் காப்பும் வேண்டும். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை உண்டு.

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். உல்லாசப் பிரயாணிகள் நீங்கியபின் அவ்வூர் உறங்குவதில்லை. மழை தொடங்கியவுடன் பெரும்போக விதைப்புக்கு வயல்கள் உழப்படும். கோடையில் அறை வாடகைக்கு விட்டவர் மாரியில் வயற்காரராவார். பருவத்தின் விளிம்பிற் செல்லும் ஒரு குடும்பம் கொடுக்கும் வாடகை, வருவாய் சுருங்கும் நாளில் அவர்க்குப் பேருதவி. மலிவாகக் கிடைத்ததை மேலும் பேரம்பேசிக் குறைத்தல் நம் கல்லூரியிற் படித்தார்க்குத் தகாது. தமிழரும் முஸ்லிங்களும் சிங்களவரும் கலந்து வாழும் ஊராதலால், நீரைவிட்டு ஏறியவுடன் உடைமாற்றி ஊருட் புகுதலும் மரியாதை.

மெல்பேண் அன்பருக்கு யான் எழுதிய விடை இதுவே: அங்குப் பாடசாலைகளுக்குச் செப்டெம்பர் இறுதியில் இரண்டு வார விடுமுறை உண்டு. அப்பொழுது பிள்ளைகளை அறுகங்குடாவுக்கு அழைத்து வருக. கூட்டம் கலைந்திருக்கும், அலை நிற்கும், விலையும் இறங்கியிருக்கும். மார்கழியில் அன்றி வர இயலாதாயின், செலவு மிகினும் தெற்குக் கரைக்கே செல்க. கீழ்க்கரையை அப்பொழுது மழைக்கும் உழவர்க்கும் விட்டுவிடுக. எக்கரைக்குச் செல்லினும், நீரில் இறங்குமுன் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் முதியவரிடம் ஒரு சொற் கேளுங்கள்.