மிளகில்லாத மிளகுக் குண்டு

தற்காப்புக்கெனப் பல நாடுகளில் விற்கப்படும் ‘கொல்லா மிளகுக் குண்டு’ என்னும் பெயரில் இரு பிழைகள் உள. முதலாவது, அதில் மிளகே இல்லை; இருப்பது மிளகாயின் காரம். மிளகுக்குக் காரம் தருவது பைப்பரின், மிளகாய்க்குக் காப்சைசின். ஆங்கிலத்தில் ‘பெப்பர்’ என்பது இரண்டிற்கும் பொதுவாதலின் இம்மயக்கம் நேர்ந்தது. மலாயிலும் ‘லாடா’ இரண்டையும் குறிப்பதுண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே வந்த புதுப்பொருளுக்குத் தமிழர் ‘காய்’ சேர்த்து மிளகாய் என வேறு பெயரிட்டனர். தஞ்சோங் காராங் மாணவருக்கு இதனை விளக்க அடுக்களைப் புட்டிகள் இரண்டே போதும்.

‘கொல்லா’ என்பதோ பெரும்பிழை. காரம் எரிச்சலோடு நிற்கலாம். குண்டின் விசை அவ்வாறு நிற்பதில்லை. 2004இல் பாஸ்டன் நகரில், விளையாட்டு வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தைக் கலைக்கக் காவலர் சுட்ட இத்தகைய குண்டு கண்வழியே பாய்ந்து, அங்கு நின்ற கல்லூரி மாணவி ஒருவர் மாண்டார்.