மயக்க மருந்தும் திறந்த மடைகளும்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கவேண்டி நேர்கையில், தாயை மேஜைமேல் உட்காரவைத்து, முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்திப் படுக்கவைத்த ஓரிரு நிமிஷங்களில், கால் மரத்துப்போயிற்று என்று சொல்வதற்கு முன்பாகவே, "பாதமெல்லாம் கதகதவென்று இருக்கிறதே, டாக்டர்" என்று அவள் வியப்போடு சொல்லக் கேட்கலாம். மருந்தில் உஷ்ணம் எதுவும் இல்லை. எனினும் பாதம் சூடேறும் அதே வேளையில், புஜத்தில் சுற்றிய பட்டை காட்டும் இரத்த அழுத்தம் 120-லிருந்து 100, 90 என்று இறங்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிளை கிளையாகப் பிரிந்து, மயிரினும் நுண்ணிய குழாய்களாக முடிவதற்கு முன்னுள்ள சிறு தமனிகளின் சுவரில், வளையம் வளையமாகத் தசை அமைந்திருக்கிறது. நாம் உறங்கும்போதும் அது முழுதும் ஓய்வதில்லை. பரிவு நரம்புகளின் வழியே மூளைத்தண்டிலிருந்து வந்துகொண்டேயிருக்கும் ஆக்ஞைக்கு இணங்கி, குழாயைச் சற்று இறுக்கியே வைத்திருக்கிறது. பிரான்ஸ் தேசத்து உடலியல் மேதை கிளாட் பெர்னார்ட், 1850-களின் தொடக்கத்தில், ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை மட்டும் அறுத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பக்கத்துக் காது சிவந்து, மற்றக் காதைவிடச் சூடேறியது. ஆக்ஞை நின்றது, குழாய் விரிந்தது, இரத்தம் பெருகிற்று. அம்முயலின் காதுக்கு நேர்ந்ததுதான் இத்தாயின் பாதத்துக்கும் நேர்கிறது.

சூடு சரி, அழுத்தம் ஏன் இறங்கவேண்டும்? கழனிக்கு நீர் பாய்ச்சி அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் நீர்மட்டம் நிற்பதே மடைகள் பாதி அடைபட்டிருப்பதனால்தான். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால், மட்டம் தாழ்ந்து, கடைமடைக்கு நீர் ஏறாமற்போகும். குழாயில் ஓட்டத்துக்கு உண்டாகும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்று புவாசேய் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1840-களில் எழுதி வெளியிட்டார். ஆகையால் ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உடலின் இரத்தத்தில் பெரும்பகுதியைத் தாங்கும் சிரைகளும் கூடவே தளர்வதால், இரத்தம் கால்களில் தேங்கி, இருதயத்துக்குத் திரும்பும் அளவும் குறைகிறது. இங்கே கடைமடையில் இருப்பது கருப்பையிலுள்ள சிசு.

முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி ரண சிகிச்சை செய்யும் முறையை, ஜெர்மனியின் கீல் நகரில் 1898-ல் ஆகஸ்ட் பியர் கொகெயினைக் கொண்டு தொடங்கிவைத்தார். இன்று கொகெயினின் இடத்தில் புபிவகெயின் வந்திருக்கிறது. மருந்து மாறினும் சங்கடம் மாறவில்லை. வலியை உணர்த்தும் நரம்பும் ஆக்ஞையைச் சுமக்கும் நரம்பும் தண்டுவடத்தருகே சேர்ந்தே செல்வதால், ஒன்றை உறங்கச் செய்யும் மருந்து மற்றதை விட்டுவைப்பதில்லை.

முழு மயக்கத்திலும் முடிவு இதுவே, வழிதான் வேறு. பால்போல் வெளுத்த புரோபோஃபால், ஆக்ஞை பிறக்கும் இடத்தையே அமைதிப்படுத்துகிறது. ஐசோஃபுளூரேன் போன்ற ஆவிகளோ, தசை சுருங்குவதற்கு வேண்டிய கால்சியம் அதன் உயிரணுக்களுள் புகுவதையும் குறைக்கின்றன. அழுத்தம் இறங்கியதைக் கழுத்துத் தமனியிலுள்ள உணர்முனைகள் அறிந்து இருதயத்தை விரைவுபடுத்தும் இயற்கை ஏற்பாடும் அப்போது மந்தமாகிவிடுகிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து இதற்கு ஒரு விலக்கு. அது பெரும்பாலும் அழுத்தத்தை ஏற்றவே செய்கிறது.

ஆகவே மயக்க மருந்து வைத்தியர், ஊசி போட்டதோடு தம் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவதில்லை. கனத்த கருப்பை பெருஞ்சிரையை அமுக்காதபடி தாயை இடப்பக்கம் சற்றே சாய்த்து, சிரைவழியே திரவத்தை ஓடவிட்டு, தளர்ந்த குழாய்களை மறுபடி இறுக்கும் பினைலெஃப்ரினைத் துளித்துளியாகச் செலுத்தி, நிமிஷத்துக்கொரு தடவை இரத்த அழுத்த எண்ணைப் பார்த்தபடி அவள் தலைமாட்டிலேயே இருக்கிறார். மடைகளைத் திறந்துவிட்டவன், கையில் மண்வெட்டியோடு வரப்பிலேயே நிற்பதுபோல.