குப்பைக்கு நெருப்பு வைக்க முன்

விடியப்புறம் முற்றம் கூட்டி, சருகையும் பொலித்தீனையும் வேலியோரம் ஒதுக்கி நெருப்பு வைப்பது எங்கள் ஊர்களில் பரம்பரைப் பழக்கம். ஆனால் சகோதரிகளே, யுத்தம் நடந்த மண்ணில் இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாகியுள்ளது. 2009இற்குப் பின்னரும் வன்னியில் குப்பைக்குத் தீ மூட்டியபோது, மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் சூடேறி வெடித்து ஆட்கள் காயமடைந்த செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். குப்பை தாழ்க்கக் கிடங்கு வெட்டுவதிலும் அதே பயம்தான்.

எரிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். நிலத்துக்கு மேலேயே கூட்டெரு செய்யலாம்.

மரநிழலில் ஒரு மீற்றர் அகலத்துக்கு நாலு தடி நட்டால் பாரை போட்டுக் கிண்ட வேண்டி வரும். ஆகவே பழைய கிடுகையோ மட்டையையோ நிலத்தின் மேல் கூடுபோலக் கட்டி நிறுத்துங்கள். அடியில் சுள்ளி, அதன்மேல் ஒரு சாண் சருகு, பிறகு மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழைத்தடல், சீமைக்கிளுவைக் குழை. சாணகம் கரைத்துத் தெளித்து, மறுபடி சருகு. மீன் கழிவு, இறைச்சி எலும்பு போடாதீர்கள், நாய் கிளறிவிடும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும், அதுதான் பதம். நாறினால் ஈரம் கூடிவிட்டது; இன்னும் சருகு போடுங்கள். சில நாளில் உள்ளே கை வைக்க முடியாதளவு சூடேறும், பயப்பட வேண்டாம், நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன.

இரண்டு கிழமைக்கொருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் கறுத்து, மழை மண் வாசம் வரும். கை, கால் இயலாதவர்கள் புரட்டாமல் தடியால் குத்திக் காற்று விட்டாலும் போதும். கூடுதலான காலம் எடுக்கும், அவ்வளவுதான்.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தார்கள். அவ்வருட முடிவுக்குள் தடை நீங்கினாலும் உரவிலை பிறகு எங்கோ போனது. கூட்டெரு ஒரு நாளில் ஆயத்தமாகாது என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். இரண்டு கத்தரி, நாலு மிளகாய்க் கன்றுக்கு வீட்டுக் குவியலே தாராளம்.

பிளாஸ்ரிக் போத்தலையும் தகரத்தையும் கழுவிச் சாக்கில் சேர்த்துப் பழைய சாமான் வாங்க வருபவரிடம் கொடுங்கள். யோகட் கோப்பை, சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஒரு கிழமையிலேயே டெங்கு நுளம்பு பெருகிவிடும்.

கூட்டும்போது முன்பின் தெரியாத இரும்புத்துண்டு கண்டால் தொடாதீர்கள், பழைய இரும்போடும் சேர்க்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ 119 பொலிஸ் இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.