அம்மாவின் மொட்டைமாடியும் நடக்கிற நட்சத்திரமும்

சந்திரகிரி என்றதும் நம்மில் பலருக்கு ராஜ மகாலும், மலைமேல் ஏறிப்போகும் கோட்டைச் சுவரும்தான் நினைவுக்கு வரும். விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் தலைநகராகக் கொண்ட ஊர் அது. திருப்பதிக்கு வரும் அன்பர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது அந்த ஊரின் இரவு வானத்தைப் பற்றி.

அது நான் பிறந்த ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. தமிழ்க் குடும்பம்தான் என்றாலும் எங்களுக்குப் பாட்டி "அவ்வா"தான். பிழைப்புக்காக மும்பை வந்து 26 வருடமாகிறது. அப்பா காலமான பிறகும் அம்மா அங்கேயே இருக்கிறார். கூப்பிட்டால், "உங்க ஊர்ல வானமே இல்லையேப்பா" என்கிறார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. மேகமில்லாத இரவில் ராக்கெட் கிளம்பினால், நெருப்புப் பந்து எழுவதை மாடியிலிருந்தே பார்க்கலாம். சித்தூர் சாலையில் போனால் காதங்கி. அங்கே 1,024 ஆண்டெனாக்களை வயல் நாற்று போல வரிசையாக நட்டு, மேல்வானத்துக் காற்றை அளக்கும் ராடார் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. அதை நடத்தும் நிலையத்துக்கு இன்றைய பெயர் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம்.

ஆனால் அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு விண்வெளி முதலில் அறிமுகமானது பயமாகத்தான். அமெரிக்கா 1973-இல் ஏவிய ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையம், எழுபது டன்னுக்கு மேல் எடையுள்ளது, 1979-இல் கட்டுப்பாடில்லாமல் கீழே இறங்கத் தொடங்கியது. எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எப்படியும் சாகப்போகிறோம், பிறகு எதற்குச் சேர்த்து வைப்பது என்று முட்டையிடுகிற கோழியைக்கூட அடித்துக் குழம்பு வைத்ததாக அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். ஜூலை 11-ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் சிதறி விழுந்தது. கோழி போனதுதான் மிச்சம். அடுத்த மாதமே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நமது முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-இல் இரண்டாவது முயற்சி பலித்து, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றத் தொடங்கியது.

இப்போது நம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஸ்கைலாபைவிடப் பல மடங்கு பெரியது. சுமார் 420 டன். 2000-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே கிடையாது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண் போதும்.

அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் மறைந்து நமக்கு இருட்டிய பிறகும், அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் அது மின்னுகிறது. ஆகவே மாலையில் இருட்டிய ஒன்றரை மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன் அதே அளவு நேரத்தில்தான் தெரியும். நடுநிசியில் நம் ஊரில் தேடிப் பயனில்லை. விமானம் என்றால் சிவப்பு, பச்சை விளக்குகள் கண் சிமிட்டும். இது சிமிட்டாது. நல்ல நாளில் வெள்ளி கிரகம் போலப் பளிச்சென்று, சத்தமில்லாமல், நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். சில சமயம் பாதி வானத்திலேயே அணைந்து போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று நாஸாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' செயலி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இதில் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நிலையம் சில நாட்களில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகும். மும்பையிலிருந்து சந்திரகிரியும் அதே திசைதான், வான்வழியாக 900 கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க அதற்கு இரண்டே நிமிடம். எங்கள் தலைக்கு மேல் இருக்கும்போதே அம்மாவுக்கு வடமேற்கில் தாழ்வாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

போன ஜனவரியில் ஒரு மாலை, 7 மணி இருக்கும். செம்பூர் மொட்டைமாடியில் என் மகன் போனும் கையுமாக நின்றான்.

"அவ்வா, எங்க தலைக்கு மேல வந்துடுச்சு! உங்களுக்குத் தெரியுதா?"

"இருடா கண்ணா... மலைக்கு மேல ஒண்ணு வருது. மின்னாம வருது. அதேதான்டா!"

எங்களுக்குத் தென்கிழக்கில் அது மங்கிப்போன பிறகும் அம்மா விடாமல் வர்ணித்துக்கொண்டிருந்தார். "என் தலைக்கு மேல நிக்குது... போகுது... அட, அணைஞ்சுடுச்சுடா." அதற்கு முன்பெல்லாம் பேரனும் பாட்டியும் போனில் பேசுவது "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். பாதி இந்தியில் பேசுகிற பையன் வடமேற்கு, தென்கிழக்கு என்று தமிழில் திசை சொல்லக் கற்றது இதற்காகத்தான். கண்புரை அறுவை முடிந்த கண்ணால் அம்மா பார்க்கிறார். அடுத்து வரும் நேரத்தைத் தினசரி காலண்டர் தாளில் ராகுகாலத்துக்குக் கீழே பேனாவால் குறித்துக்கொள்கிறார்.

2025 ஜூன் கடைசியில் நமது சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்துக்குப் போய் 18 நாள் தங்கியபோது, மும்பை மழையில் எங்களுக்கு வானமே தெரியவில்லை. அம்மாவின் கவலை வேறு: "அந்தப் பிள்ளை அங்க என்னத்தைச் சாப்பிடும்?" கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டு போயிருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

இந்த நிலையத்துக்கும் வயதாகிவிட்டது. 2030-ஐ ஒட்டி ஓய்வு கொடுத்து, ஆளில்லாத கடற்பகுதியில் இறக்கிவிடத் திட்டம். இதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "இதுவும் நம்ம தலையில விழுமா?" இல்லையம்மா, இந்த முறை கையைப் பிடித்து இறக்குவது போல இறக்குவார்கள், அதற்கென்றே தனியாக ஒரு கலம் செய்கிறார்கள் என்றேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருது, அதைச் சொல்லு" என்றார்.