வளைவு வேணும்னா தண்ணியைத் தேடுங்க

வண்டி ஓட்டப் பிடிக்கும்னு சொல்ற யார்கிட்ட கேட்டாலும் ஒரே லிஸ்ட்தான் வரும். ஈசிஆர், ஏலகிரி, அப்புறம் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு. அந்த லிஸ்ட்ல திருவள்ளூர் மாவட்டம் வரவே வராது. நமக்குத் தெரிஞ்ச திருவள்ளூர்னா என்எச் 16-ல வரிசையா போற கன்டெய்னர் லாரி, கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல்ல நிக்கிற கம்பெனி பஸ், வண்டலூர்ல ஆரம்பிச்சு மீஞ்சூர்ல முடியுற 62 கி.மீ. அவுட்டர் ரிங் ரோடு. எல்லாமே அகலம், எல்லாமே நேர். அதனால நம்ம பசங்க ஞாயித்துக்கிழமை ஆனா அந்த நேர் ரோட்டுலயே டாப் ஸ்பீட் பார்க்கக் கிளம்பிடறாங்க.

இந்தக் கட்டுரை அதுக்கு ஒரு மாற்று. நம்ம காலேஜைச் சுத்தி 40 கி.மீ. தூரத்துக்குள்ள ஓட்டி ரசிக்கக்கூடிய ரோடுகள் இருக்கு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, ஏன் அது அங்க இருக்கு, எப்படிப் போய்ட்டு முழுசா வீடு திரும்புறது, இந்த மூணும்தான் விஷயம்.

டயர் கம்பெனிக்கு ஏன் இந்த அக்கறை?

கும்மிடிப்பூண்டி தாலுகால தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்குள்ள மிஷலின் டயர் ஃபேக்டரி இருக்கிறது உங்களுக்குத் தெரியும். நம்ம சீனியர்ஸ் சிலர் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போன இடம். ஓட்டல்களுக்கு ஸ்டார் கொடுக்கிற மிஷலின் கைடும் அதே கம்பெனியோடதுதான். 1900-ல பிரான்ஸ்ல அந்தப் புத்தகத்தை முதல்முதலா போட்டப்போ அந்த நாட்டுல மொத்தமே சில ஆயிரம் கார்தான். ஜனங்க ஊர் சுத்தினாதான் டயர் தேயும், தேய்ஞ்சாதான் புது டயர் விக்கும். சிம்பிள் பிசினஸ். அப்புறம் ரோடு மேப்பும் போட ஆரம்பிச்சாங்க. அதுல அழகான ரோடுகளுக்குப் பக்கத்துல பச்சைக் கோடு ஒண்ணு இழுத்திருப்பாங்க. "சீக்கிரம் போகணும்னா அந்த ரோடு, ரசிச்சுப் போகணும்னா இந்த ரோடு" என்று அர்த்தம்.

டயர் இங்க தயாராகுது. ஆனா நம்ம மாவட்டத்துக்கு அந்தப் பச்சைக் கோட்டை இன்னும் யாரும் போட்டுத் தரல. நாமளே போட்டுக்கலாம்.

ரோடு எப்போ ஜாலியா இருக்கும்?

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்தான். வளைவுல உங்களைப் பக்கவாட்டுல தள்ளுற உணர்வு வேகத்தோட வர்க்கத்தை ஆரத்தால வகுத்தா வரும். நேர் ரோட்டுல ஆரம் முடிவிலி. அதனால 100-ல போனாலும் பக்கவாட்டு விசை பூஜ்யம். உடம்புக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்பீடோமீட்டருக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் நேர் ரோட்டுல போறவனுக்கு 80 பத்தாது, 100 பத்தாது, 120 வேணும்.

இப்போ 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கோங்க. 40 கி.மீ. வேகத்துல அங்க புவியீர்ப்புல கால் பங்கு விசை பக்கவாட்டுல வரும். பைக் சுமார் 14 டிகிரி சாயும். உங்களுக்குச் சிரிப்பு வர அது போதும். அதே வளைவை 60-ல எடுத்தா விசை பாதிக்கு மேல, சாய்வு 30 டிகிரி. 80-ல எடுத்தா முழு புவியீர்ப்பு அளவு, சாய்வு 45 டிகிரி. நம்ம கம்யூட்டர் பைக் டயரும் கிராமத்து ரோடும் சேர்ந்து அதைத் தாங்காது. வேகம் ரெண்டு மடங்கு ஆனா விசை நாலு மடங்கு. இதை எக்ஸாமுக்கு மட்டும் படிச்சா போதாது.

ரெண்டாவது விஷயம் பார்வைத் தூரம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி, திடீர்னு ஒண்ணைப் பார்த்து பிரேக் போட்டு நிக்க, 40 கி.மீ. வேகத்துல 45 மீட்டர் தேவை. 60-ல 80 மீட்டர். 80-ல 120 மீட்டர். இதுல நீங்க பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கை வைக்கிற 2.5 விநாடியும் அடக்கம். ஒரு வளைவுல முன்னாடி 50 மீட்டர்தான் தெரியுதுன்னா உங்க வேகம் 40-தான். அதுக்கு மேல போறது தைரியம் இல்லை, கணக்குத் தப்பு.

ஆக நல்ல ரோடுன்னா ரெண்டு குணம்: வளைவு அடிக்கடி வரணும், வளைவுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும். மலை ரோட்டுல முதல் குணம் இருக்கும், பாறை மறைக்கிறதால ரெண்டாவது இருக்காது. சமதளத்துல ரெண்டும் சேர்ந்து கிடைக்கும். நம்ம ஊரோட ப்ளஸ் பாயின்ட் அதுதான்.

தட்டையான ஊர்ல வளைவு எங்கிருந்து வந்தது?

தண்ணியால வந்தது.

1997-ல பிரியற வரைக்கும் திருவள்ளூர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தோட பகுதி. அந்தப் பகுதிக்கு "ஏரி மாவட்டம்"னே பேர். இங்க நிலம் பொதுவா மேற்குல இருந்து கிழக்கா, கடலைப் பார்த்து சரியுது. மழைத் தண்ணி சரிவுல ஓடிவிடாம இருக்க நம்ம முன்னோர் குறுக்க மண் கரை போட்டாங்க. அந்தக் கரை பெரும்பாலும் பிறை மாதிரி வளைஞ்சு இருக்கும். மேல பக்கம் தண்ணி, கீழ்ப் பக்கம் வயல். கரை பலமா, உயரமா இருந்ததால வண்டிப்பாதை அது மேலயோ, அதை ஒட்டியோ போச்சு. பின்னாடி அதே பாதை தார் ரோடு ஆச்சு. ஏரி வளைஞ்ச மாதிரியே ரோடும் வளைஞ்சது.

ஏரி நிரம்பினா உபரித் தண்ணி வெளியேற கலங்கல் இருக்கும். அந்த இடத்துல ரோடு லேசா இறங்கி ஏறும். இது போக கொசஸ்தலை ஆறு, ஆரணி ஆறு ரெண்டும் மாவட்டத்துக்குக் குறுக்க நெளிஞ்சு ஓடுது. அதோட கரையை ஒட்டின ரோடும் நெளியும். பைபாஸ் போட்டவங்க ஸ்கேலை வெச்சு கோடு கிழிச்சாங்க, ஏரிக்கரை போட்டவங்க தண்ணியைப் பார்த்துக் கோடு கிழிச்சாங்க. நமக்கு வேண்டியது ரெண்டாவது கோடு.

மேப்ல தேடறது எப்படி?

சேட்டிலைட் வியூ போடுங்க. என்எச் 16-ஐயும் திருத்தணி ஹைவேயையும் மறந்துடுங்க. பிறை வடிவத்துல நீலமாவோ, கோடைல பழுப்பாவோ தெரியறதுதான் ஏரி. அதோட கீழ்ப் பக்க விளிம்புல பனை மரம் வரிசையா புள்ளி புள்ளியா தெரியும். அதுதான் கரை. அதை ஒட்டி ஒரு மெல்லிய சாம்பல் கோடு போகுதான்னு பாருங்க. அது அடுத்த ஏரியோட கரையில போய்ச் சேருதுன்னா உங்க ரூட் ரெடி. ஏரிகள் ஒண்ணோட உபரி இன்னொண்ணுக்குப் போற மாதிரி சங்கிலியா இருக்கறதால ரோடும் சங்கிலியா கிடைக்கும்.

கோடிங் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு வழி. ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஒவ்வொரு ரோடும் புள்ளிகளோட வரிசையாதான் இருக்கு. அடுத்தடுத்த மூணு புள்ளியை எடுத்தா ஒரு முக்கோணம். மூணு பக்கத்தையும் பெருக்கி, பரப்பளவோட நாலு மடங்கால வகுத்தா சுற்றுவட்ட ஆரம் கிடைக்கும். அதுதான் அந்த இடத்துல ரோட்டோட வளைவு ஆரம். 175 மீட்டருக்கு மேல வந்தா நேர் ரோடுன்னு விட்டுடுங்க, கீழே வந்தா அந்தத் துண்டோட நீளத்தைக் கூட்டிக்கிட்டே போங்க. பைத்தான்ல ஒரு சாயங்கால வேலை. ஒரு எச்சரிக்கை: ஊருக்குள்ள தெரு முனையில திரும்புறதெல்லாம் பெரிய வளைவா கணக்குல வந்துடும். 30 மீட்டருக்குக் கீழ வர்றதை எல்லாம் சேட்டிலைட்ல கண்ணால சரி பாருங்க.

ஆரம்பிக்க நாலு ரூட்

பூண்டி – சீத்தஞ்சேரி – ஊத்துக்கோட்டை. திருவள்ளூர்ல இருந்து பூண்டி சுமார் 12 கி.மீ. கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்க 1944-ல கட்டி முடிச்ச நீர்த்தேக்கம், சென்னை மேயரா இருந்த சத்தியமூர்த்தி பேர்ல இருக்கு. அங்கிருந்து வடக்கா போனா காப்புக்காடும் சின்னக் குன்றுகளும் வரும். இந்தப் பக்கத்துலதான் கற்கால ஆயுதங்கள் கிடைச்ச அதிரம்பாக்கமும் குடியம் குகையும். ஆந்திராவுல இருந்து கிருஷ்ணா தண்ணி வர்ற கால்வாய் ஊத்துக்கோட்டை பக்கம் தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு 25 கி.மீ. ஓடி பூண்டில சேருது. நாலுல முதல்ல போக வேண்டியது இதுதான்.

ஊத்துக்கோட்டை – சுருட்டப்பள்ளி – நாகலாபுரம் – பிச்சாட்டூர். பள்ளிகொண்ட சிவன் இருக்கிற சுருட்டப்பள்ளி கோயில் தாண்டினதும் வலது, இடது ரெண்டு பக்கமும் மலை தெரிய ஆரம்பிக்கும். ஆரணி ஆத்தை எதிர்த்திசையில பிடிச்சுக்கிட்டுப் போனா பிச்சாட்டூர் அணை. மெயின் ரோட்டுல வண்டி ஜாஸ்தி, அதனால காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சுடணும்.

கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை. ரெண்டு பழைய ஏரிகளை இணைச்சு 2020-ல திறந்த நீர்த்தேக்கம். சென்னைக்கான புதுக் குடிநீர் ஆதாரம். சுத்தி இருக்கிற கிராம ரோடு சின்னது, பார்வைத் தூரம் நல்லா இருக்கும். சிப்காட் பக்கம் இருக்கிற அகல ரோட்டுல லாரி வரும், அதை மட்டும் தவிர்த்துடுங்க.

பொன்னேரி – திருப்பாலைவனம் – பழவேற்காடு. சுமார் 20 கி.மீ. பெரிய வளைவு கம்மி, சின்னச் சின்ன நெளிவு நிறைய. வயல் முடிஞ்சு உப்புக் காத்து ஆரம்பிக்கிற இடம் மூக்குக்கே தெரியும். கடைசியில இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, டச்சுக்காரங்க கல்லறை, குளிர்காலத்துல பூநாரை. இதே ஏரியை வடக்குல சூலூர்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா ரோடும் கடக்குது. அது பார்க்க அழகு, ஆனா ஸ்கேல் வெச்ச மாதிரி நேர். ஓட்ட ஒண்ணும் இல்லை, நிறுத்திப் பார்க்கத்தான்.

போறதுக்கு முன்னாடி

இந்த ரோடு நமக்காகப் போட்டது இல்லை. அறுவடை சமயத்துல பாதி ரோட்டுல நெல் காயும். மிச்சப் பாதியில எருமை வரும். ஒரு பாட்டி ரோட்டோரமா சுள்ளி தூக்கிக்கிட்டு நடந்து போவாங்க, அவங்களுக்கு அது தெரு. நமக்கு ஒரு மணி நேர ஜாலி, அவங்களுக்கு தினசரி வழி. ஊர்ப் பலகை வந்தா 30. ஹாரனும் சத்தமான சைலன்ஸரும் வேண்டாம். நீங்க நல்லபடியா போய்ட்டு வந்தாதான் அடுத்த வாரம் போற பையனுக்கு டீக்கடையில டீ கிடைக்கும்.

மணல் பார்த்துக்கோங்க. சவுடு லாரி, ட்ராக்டர் போற ரோட்டுல வளைவோட வெளி விளிம்புல மண் சேர்ந்திருக்கும். மேல போட்ட கணக்கெல்லாம் சுத்தமான, காய்ஞ்ச தாருக்குத்தான். மண் இருந்தா பிடிமானம் பாதிக்கும் கீழ போயிடும்.

ட்ரெய்லர் லாரி வளைவுல திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். வளைவோட உள்பக்கம் இடம் இருக்குன்னு நினைச்சு அதுக்குப் பக்கத்துல நுழைஞ்சுடாதீங்க. நம்ம ஏரியாவுல இது ரொம்ப முக்கியம். ஷிப்ட் மாறுற காலை ஆறு மணி, மதியம் ரெண்டு மணியைச் சுத்தி சிப்காட் பக்கம் போகவே வேண்டாம். நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவர் கண்ணுல தூக்கம் இருக்கும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தரைப்பாலத்து மேல தண்ணி ஓடினா திரும்பிடுங்க. முழங்கால் அளவு ஓடுற தண்ணி பைக்கையும் ஆளையும் சேர்த்துத் தள்ளிடும். மழை நின்ன அப்புறமும் கீழ ரோடு இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது.

வேகம்தான் வேணும்னா அதுக்கும் நம்ம மாவட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. சோழவரத்துல இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையிலதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்துச்சு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில தனி ட்ராக் வந்தது. 3.7 கி.மீ., எதிர்ல வண்டி வராது, எருமை வராது, ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும். காசு சேர்த்து அங்க போங்க. பப்ளிக் ரோட்டுல அந்த மூணுமே கிடையாது.

ஒரு கடைசி வேலை. ஹாஸ்டல் பசங்க எல்லாரும் தமிழ்நாடு முழுக்க இருந்து வந்திருக்கோம். உங்க ஊர்லயும் ஒரு ஏரிக்கரை ரோடு கண்டிப்பா இருக்கும். ரோடு அகலப்படுத்தும்போது முதல்ல நேராக்கறது அந்த வளைவைத்தான். ஏரியைத் தூர்த்தா கரையும் போயிடும், ரோடும் போயிடும். அதுக்கு முன்னாடி இந்த லீவுல ஊருக்குப் போறப்போ சேட்டிலைட்ல அதைத் தேடிப் பிடிங்க, 40-ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரூட்டை எழுதி மேகசீன் மெயிலுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல எல்லாத்தையும் ஒரே மேப்ல, பச்சைக் கோடா போட்டுத் தர்றோம்.