ஆண்மையின் பெருமையும் பெண்ணின் கூலியும்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

ஆண் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு சமுதாயமும் தன் ஆடவர்க்குக் கற்பிக்கிறது. அஞ்சாதவன், அடங்காதவன், பெண்ணை ஆள்பவன் என்னும் பெருமிதத்தை ஸ்பானிய மொழியில் 'மச்சிஸ்மோ' என்பர். விருதுநகர் மாவட்டத்துச் சபைகளில் பணியாற்றுவோர் இச்சொல்லை அறியாதிருக்கலாம். அது குறிக்கும் நிலையை அறியாதவர் அல்லர்.

1. உழைப்பின் அமைப்பு

வானம் பார்த்த பூமியாகிய இவ்வட்டாரத்தில், 1922ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. மழை பொய்த்த சிற்றூர்களிலிருந்து பெண்களும் சிறுமியரும் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வந்தனர். மெல்லிய விரல்களுக்கேற்ற வேலை என்று அதற்குக் காரணம் கூறினர்; குறைந்த கூலிக்கு இசையும் கைகள் என்பதே உண்மைக் காரணம் எனலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சிறுவர் உழைப்பைக் குறைக்க உதவின. பெண்களின் உழைப்போ தொடர்ந்தது.

பட்டாசு ஆலையில் மருந்து கலப்பது பெரும்பாலும் ஆணின் வேலை. குழாய் செய்தல், திரி வைத்தல், பெட்டியில் அடுக்குதல் ஆகியவற்றில் பெண்களே மிகுதி. செய்த எண்ணிக்கைக்கேற்பவே பலருக்குக் கூலி. மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்குத் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கின்றன. அவ்வேலைக்குக் கூலியுமில்லை, பெயருமில்லை.

2. பெருமை தேடும் இடம்

குடும்பத்தைக் காப்பவன் ஆண் என்று ஊர் சொல்கிறது. ஆயினும் பல வீடுகளில் அடுப்பெரிவது பெண்ணின் கூலியால். சொல்லுக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வாறு விழும் பிளவை ஆண் எவ்வாறு நிரப்புகிறான்?

கரீபியன் கடலிலுள்ள பிராவிடென்சியா தீவை ஆராய்ந்த மானிடவியலார் பீட்டர் வில்சன், 1973இல் வெளியிட்ட நூலில் இருவகை மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, ஆடவர் தம் தோழரிடையே தெருவிலும் மதுக்கடையிலும் ஈட்டும் புகழ். மற்றொன்று, வீட்டையும் ஆலயத்தையும் சார்ந்த கண்ணியம். அது பெரிதும் பெண்களின் பொறுப்பாயிற்று. கரீபியன் தோட்டங்களில் அடிமை முறை தகப்பனுக்குச் சட்ட உரிமை எதையும் அளிக்கவில்லை. பிள்ளை தாயின் நிலையையே பெற்றது. அவ்வரலாறு நம்முடையதன்று. அங்கே பல குடும்பங்களைப் பெண்களே வெளிப்படையாக நடத்துகின்றனர்; இங்கே பெண் உழைத்தாலும் தலைமைப் பெயர் ஆணுடையது. எனினும் வீட்டில் பெறாத மதிப்பை ஆண் மதுக்கடையில் தேடுவதும், ஆலயத்தின் பாய்களில் பெண்கள் நிறைந்திருக்க ஆடவர் வாசலில் நிற்பதும் நமக்குப் புதியவை அல்ல.

3. இதன் விலை

இப்பெருமையின் விலையைப் பெண் அடியாகவும் கடனாகவும் செலுத்துகிறாள். ஆணும் செலுத்துகிறான். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என விதிகள் வரையறுக்கின்றன. கூலி விரைவைத் தூண்டும்போது, அச்சத்தை நகைக்கும் வழக்கமும் சேர்ந்தால் விதி என்ன செய்யும்? 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளில் பலர் மாண்டனர். விபத்துகளின் முதற்பொறுப்பு தொழிலை நடத்துவோர்க்கும் கண்காணிப்போர்க்கும் உரியது. தொழிலாளியின் வீரத்தைப் புகழ்ந்து அப்பொறுப்பை மறைத்தலாகாது.

4. வேதம் காட்டும் வழி

ஆதியாகமம் 2:18இல் பெண்ணைக் குறிக்கும் 'ஏசெர்' என்னும் எபிரெயச் சொல், 121ஆம் சங்கீதத்தில் கர்த்தர் அருளும் ஒத்தாசையைக் குறிக்கிறது. ஆகவே அது பணிவிடைக்காரியைச் சுட்டும் சொல்லன்று. எபேசியர் 5:22ஐ மணமேடையில் வாசிக்கும் நாம், மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அவ்வசனத்துக்குத் தனி வினைச்சொல் இல்லை என்பதை நினைத்தல் வேண்டும். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலைப் போதிக்கும் 21ஆம் வசனமே அதற்கு வினையைத் தருகிறது. லூக்கா 8:1-3இல் நம் ஆண்டவர் யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்களின் ஆஸ்தியால் ஆதரிக்கப்பட்டார். அதை அவர் இழிவாகக் கருதவில்லை. மனைவியின் கூலியில் உண்பதை எண்ணிக் குமுறும் ஆணுக்கு இதனினும் பெரிய நற்செய்தி எது?

5. ஆயரின் கடமை

2023இல் தமிழக அரசு மகளிர் உரிமைத்தொகையை வழங்கத் தொடங்கியபோது 'குடும்பத் தலைவி' என்ற சொல்லை ஆண்டது. நம் சபைக் குடும்பப் பதிவேட்டில் உழைக்கும் பெண்ணின் பெயர் எங்கே நிற்கிறது? திருமண ஆயத்தத்தில் வரவு செலவையும் வீட்டு வேலையையும் இருவரோடும் பேசுகிறோமா? பெண்கள் ஐக்கியத்தின் கூட்டநேரம் ஆலைப்பெண்ணுக்கு ஏற்றதா? அடிபட்டு வரும் பெண்ணிடம் பொறுமையை மட்டும் போதிக்கிறோமா, அவள் கணவனையும் சந்திக்கிறோமா? ஆடவர் கூட்டங்களில் அச்சத்தையும் கடனையும் குடியையும் வெட்கமின்றிப் பேச இடமுண்டா?

கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிரசங்கிக்கும் சபை, ஆளுதலே ஆண்மை என்று தன் பழக்கங்களால் கற்பிக்குமாயின், அதன் பிரசங்கம் வீணாகும்.